மூக்கு வைத்த சொற்கள்

ஆங்கிலத்தில் ஒரு சொல் ‘எஸ்என்’ என்று தொடங்கினால் கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தும்மல் ஸ்னீஸ், குறட்டை ஸ்னோர், மோப்பம் ஸ்னிஃப், பன்றியின் மூஞ்சி ஸ்னவுட், மூக்குப்பொடிகூட ஸ்னஃப்தான். நம்மைக் கண்டாலே மூக்கைச் சுளிக்கும் பெரிய மனிதர் ஸ்னாப். ஆனால் மூக்குக்கு மட்டும் ‘நோஸ்’. சொந்த வீட்டிலேயே இடமில்லை! மூக்கே இல்லாத பனி, ‘ஸ்னோ’ என்று உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள இந்த உறவுமுறைக்கு 1930-இல் ‘ஃபோனஸ்தீம்’ என்று பெயர் சூட்டினார் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த். ஆக்ஸ்ஃபோர்டின் கணிதப் பேராசிரியர் ஜான் வாலிஸ் 1653-லேயே, ‘டபிள்யூஆர்’ என்று தொடங்கினால் கோணல், முறுக்கல் என்று இலக்கணம் எழுதிவிட்டார். தவறு ‘ராங்’, சுருக்கம் ‘ரிங்கிள்’, மல்லுக்கட்டு ‘ரெஸில்’. முன்னால் நிற்கும் டபிள்யூவோ வாயே திறப்பதில்லை. சம்பளம் மட்டும் வாங்குகிறது. எழுதுவதைக் குறிக்கும் ‘ரைட்’டும் இதே வரிசைதான். எழுத்தாளர்கள் வாலிஸிடம் முறையிட்டுக்கொள்ளலாம்.