கல்வராயனின் ஆறு ஜாகிர்கள்

கல்வராயன் மலையின் சரித்திரத்தை யாரிடம் கேட்டாலும் மூன்று ஜாகிர்தார்களில்தான் ஆரம்பிப்பார்கள். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர். விஜயநகர ராயர் காலத்துச் சாசனம் என்று பேச்சு. கீழே நாடு சுதந்திரம் வாங்கி, ஜமீன்களை ஒழித்து, நேருவையும் சாஸ்திரியையும் வழியனுப்பிவிட்டு இந்திரா காந்தியிடம் வந்து நின்றது. மேலே மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகிர்தாருக்கு வரி கட்டிக்கொண்டும் வெட்டி வேலை செய்துகொண்டும் இருந்தார்கள். 1976-இல்தான் அரசாங்கம் மலையேறி, "இனிமேல் நாங்கள்" என்றது.

கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் தூக்கில் போட்டுத் தெற்கத்திப் பாளையங்களை வரிசையாக விழுங்கிய கும்பினியார், இந்த மூன்று ஜாகிரை மட்டும் ஏன் கடிக்காமல் விட்டார்கள்? வருமானம் சொற்பம், பாதை கிடையாது என்று கெட்டிக்காரர்கள் காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். எனக்குப் பிடித்த காரணம் வேறு. அங்கே நான்காவதாக ஒரு ஜாகிர்தார் இருந்தார். சாசனம் இல்லை, செப்பேடு இல்லை, கவுண்டர் பட்டமும் இல்லை. பெயர் பிளாஸ்மோடியம். பல்லக்கு அனாஃபிலிஸ் கொசு.

கீழ்நாட்டு அதிகாரி ஒருவர் டோலி, சமையல்காரர், தஸ்தாவேஜு மூட்டை சகிதம் மலையேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓடைக்கரையில் கூடாரம். சாயங்காலம் காற்று ஜிலுஜிலு என்கிறது. "என்ன சுகமான இடம்!" என்கிறார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கள்ளக்குறிச்சியில் கச்சேரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது பல் கிட்டுகிறது. நாலு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. பிறகு அனல். பிறகு வேர்வை ஆறாக ஓடி, மனுஷன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறார். மறுநாள் ஒன்றுமே இல்லை. கோப்பில் கையெழுத்துகூடப் போடுகிறார். அதற்கடுத்த நாள், நேரம் தவறாமல் மறுபடியும் நடுக்கம். மலேரியாவுக்கு முறைக்காய்ச்சல் என்று ஊரார் சும்மாவா பெயர் வைத்தார்கள்? பேய்க்குக்கூட இவ்வளவு நேரந்தவறாமை கிடையாது.

அந்த முறையின் ரகசியம் ரத்தத்துக்குள் இருக்கிறது. கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு கிருமி உள்ளே இறங்கி, நேராகக் கல்லீரலுக்குப் போய்ப் பதுங்கி, ஏறக்குறைய ஒரு வாரம் சத்தமில்லாமல் ஆயிரக்கணக்கில் பெருகும். பிறகு வெளியே வந்து சிவப்பணுக்களில் குடியேறும். உள்ளேயிருக்கும் ஹீமோகுளோபினைத் தின்று பெருத்து, 48 மணி நேரத்தில் எல்லாம் ஒரே சமயத்தில் அணுவை வெடித்துக்கொண்டு வெளியேறும். அந்த வெடிதான் நடுக்கம். வைவாக்ஸ் என்ற வகைக்கு இன்னொரு குணம் உண்டு. கொஞ்சம் பேரைக் கல்லீரலிலேயே தூங்க விட்டுவைக்கும். அதிகாரி மாற்றலாகித் தஞ்சாவூர் போய் மாதக்கணக்கானபின் ஒருநாள் அவர்கள் கண்விழித்து, "ஐயா, கல்வராயனிலிருந்து வந்திருக்கோம்" என்பார்கள்.

மற்றபடி நாம் இந்தக் கிருமிக்குச் சோற்றுப்பானை மட்டும்தான். அதன் கல்யாணம் நடப்பது கொசுவின் வயிற்றில். ஆணும் பெண்ணும் கூடுவது அங்கே, சந்ததி திரள்வது அங்கே. கடிப்பதும் பெண் கொசு மட்டுமே. முட்டை வைக்கப் புரதம் வேண்டுமே! ஆண் கொசு பூந்தேன் குடிக்கும் சுத்த சைவம்.

மலைக்காரர்களுக்கு மட்டும் இந்த ஜாகிர்தார் சலுகை கொடுத்தாரா என்றால், கொடுத்தார். திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு பிழைத்த உடம்பில் ஒரு பாதி எதிர்ப்பு ஊறிவிடும். கீழேயிருந்து வருகிறவன் சுருண்டு விழும் கடியில் மலைக்காரன் ஏர் ஓட்டிக்கொண்டிருப்பான். "அவனுக்கு மலைக்காத்து பழகிப்போச்சு" என்று கீழ்நாட்டார் பொறாமைப்பட்டார்கள். காற்று அல்ல, கணக்கு. பழகுவதற்குள் போய்ச் சேர்ந்த குழந்தைகளை யாரும் எண்ணி வைக்கவில்லை. அந்தச் சலுகைக்கான வரியைத் தொட்டில்கள் கட்டின.

காற்றின் மேல் பழிபோட்டதில் படித்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. சதுப்பு நிலத்து நாற்றமே காய்ச்சல் என்று ஐரோப்பா சத்தியம் செய்துகொண்டிருந்தது. பிறகு பாக்டீரியா மோகம் வந்தது. 1879-இல் ரோமாபுரிப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் தேடிய இருவர் 'பேசில்லஸ் மலேரியே' என்று ஒன்றுக்குப் பெயர்சூட்டு விழாவே நடத்திவிட்டார்கள். பிள்ளை மட்டும் பிறக்கவே இல்லை. மறு வருஷம் அல்ஜீரியாவில் லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் நோயாளியின் ரத்தத்தில் நெளியும் ஒன்றைப் பார்த்தார். பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது, இதற்கு உண்டு. ஒரே செல்தான் என்றாலும் உறவுமுறை பார்த்தால் நம் வகையறா. அதனால்தான் இதைக் கொல்லும் மருந்து நம்மையும் கொஞ்சம் பதம் பார்க்கும். கொயினா விழுங்கிய தாத்தாக்களுக்குக் காதில் ரீங்காரம் கேட்டது அந்த வகையில்தான்.

பல்லக்கைக் கண்டுபிடித்தவர் ரொனால்டு ராஸ். மதராஸ் சர்வீஸ் டாக்டர். அதனால் நம் ஆள் என்று சொந்தம் கொண்டாட நமக்குப் பாத்தியதை உண்டு. லண்டனிலிருந்த குருநாதர் மேன்சன் அவருக்கு ஒரு யோசனை சொன்னார்: கொசு தண்ணீரில் செத்து விழும், அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் காய்ச்சல் வரும். குரு வாக்காயிற்றே! செகந்தராபாத்தில் ராஸ் கூலி கொடுத்து ஆட்களைப் பிடித்து, கொசு செத்த தண்ணீரைக் குடிக்கவைத்தார். இன்றைக்கென்றால் நெறிமுறைக் குழு அவரையே அந்தத் தண்ணீரில் முக்கியிருக்கும். ஆராய்ச்சி நடுவில் நீலகிரிச் சரிவிலுள்ள சீகூருக்குப் போனார். தினமும் கொயினா சாப்பிட்டும் மூன்றாம் நாளே மலேரியா படுக்கவைத்துவிட்டது. பாவம், சீகூரைத் திட்டித் தீர்த்திருப்பார். ஆனால் ஒரு வாரம் கல்லீரல் வாசம் இல்லாமல் இந்தக் காய்ச்சல் வராது. வேறெங்கோ வாங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் மனுஷர் மலையேறியிருக்கிறார்.

கடைசியில் உசேன் கான் என்ற நோயாளிக்கு ஒரு கடிக்கு ஓரணா வீதம் கொடுத்து, கடித்த கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று அனாஃபிலிஸ் ஒன்றின் வயிற்றுச் சுவரில் கிருமி சிக்கியது. 1902-இல் ராஸுக்கு நோபல் பரிசு. உசேன் கானுக்குச் சில அணாக்கள். அவர் ரத்தத்துக்கு நம் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய விலை கொடுக்கப்பட்டதில்லை என்று வேண்டுமானால் ஆறுதல் அடையலாம்.

ஜாகிர் ஒழிப்பு முயற்சி சுதந்திரத்துக்குப் பிறகு டி.டி.டி. பம்போடு வந்தது. 1953-இல் கட்டுப்படுத்துகிறோம் என்றார்கள். பலன் பிரமாதமாக இருக்கவே 1958-இல் அடியோடு ஒழிக்கிறோம் என்று பெயரையே மாற்றினார்கள். ஆட்கள் வீடு வீடாக வந்து சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி மருந்தடித்து, தேதியும் எழுதிவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரி அடுத்த நல்ல நாளுக்குச் சாணியும் செம்மண்ணும் போட்டு அழகாக மெழுகிவிடுவாள். கொசுவுக்குப் பொங்கல். ஆனாலும் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேரைப் படுக்கவைத்த நோய், அறுபதுகளில் லட்சத்துக்கு இறங்கியது. வெற்றி வெற்றி என்று எல்லாரும் திரும்பி வீட்டுக்குப் போனார்கள். கொசு மருந்தைத் தாங்கப் பழகியது. 1976-இல் நாட்டில் 64 லட்சம் பேருக்கு மலேரியா. கல்வராயனில் மனித ஜாகிர்தார்கள் பதவி இழந்த அதே வருஷம் நான்காமவர் தேசிய அளவில் பட்டாபிஷேகம் செய்துகொண்டார்.

மலையை விட்டு இறங்கினால் ஐந்தாவது ஜாகிர், சமவெளி நெல் வயல். 1955-இல் வேலூர்ப் பக்கத்தில்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதர்களைத் தாக்குவது இந்தியாவில் முதன்முதலாகத் தெரியவந்தது. பிறகு தென்னார்க்காடும் அதன் பட்டாவில் சேர்ந்தது. இது வைரஸ். செல்கூட இல்லை. இரவல் வீட்டில்தான் பெருக முடியும். கொக்கிலும் பன்றியிலும் கொழித்து, வயல் தண்ணீரில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசுவில் ஏறிச் சுற்றும். மனித ரத்தத்தில் இது போதுமான அளவு பெருகாததால் நம்மைக் கடித்த கொசு இன்னொருவருக்குக் கொண்டுபோக முடியாது. வைரஸுக்கு நாம் பிரயோஜனமே இல்லாத முட்டுச்சந்து. அப்படிப் பிரயோஜனம் இல்லாத காரியத்துக்குத்தான் இத்தனை குழந்தைகளை அள்ளிக்கொண்டு போனது. இதில் எனக்கு வேடிக்கை பேச வரவில்லை. இந்தியாவில் 2006 முதல் இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். மேலே போவோம்.

ஆறாவது ஜாகிருக்குத் தலைநகர் திருக்கோவிலூர். வள்ளல் காரி ஆண்ட ஊர். ஒரு மழை ராத்திரியில் ஒருவர் படுக்க, இருவர் இருக்க, மூவர் நிற்கத்தான் இடம் இருந்த இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் ஒண்டியபோது, நாலாவதாக இருட்டில் யாரோ நெருக்கினார்களே, அதே ஊர். அன்றைக்கு நெருக்கியது பெருமாள். இருபதாம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்துத் திண்ணைகளில் இருட்டில் நெருக்கியது சாக்கடைக் கியூலெக்ஸ். அது சுமந்து வந்தது யானைக்கால் புழு.

இந்தப் புழு நுண்ணுயிர்க் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. தாய்ப்புழு நூல் கனத்தில் விரல் நீளம் இருக்கும், நிணநீர்க் குழாயில் வருஷக்கணக்கில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும். அதன் குஞ்சுகள்தான் கண்ணுக்குத் தெரியாதவை. பகலெல்லாம் நுரையீரல் பக்கம் படுத்திருந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் தோலோர ரத்தத்தில் உலாவரும். கொசு கடிக்கும் நேரமும் அதுதான். ஆகவே சுகாதாரத் துறையும் அந்த நேரத்துக்கே ரத்தம் எடுக்கப் போகவேண்டும். ஊர் உறங்கும் வேளையில் டார்ச், ஊசி, கண்ணாடிச் சில்லோடு கதவைத் தட்டி, "விரலைக் கொடுங்க" என்றால் எந்த நாய் சும்மா இருக்கும்?

மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் இங்கே கிராமங்களை எடுத்துக்கொண்டு, சில ஊர்களில் மாத்திரை மட்டும், சில ஊர்களில் மாத்திரையோடு கொசு ஒழிப்பும் என்று செய்து பார்த்தார்கள். கொசு ஒழிப்பு என்றால் புகையோ மருந்தோ அல்ல. கிணற்றில் கொசுப்புழு தின்னும் மீன். கழிவுநீர் உறிஞ்சுகுழியில் தெர்மாக்கோல் மணிகள். மணிகள் தண்ணீரின் மேல் ஒரு கனத்த போர்வையாக மிதக்கும். மூச்சுக்குழலை மேலே நீட்ட வந்த கொசுப்புழு முட்டிக்கொண்டு சாகும். முட்டையிட வந்த தாய்க்கொசு தண்ணீரைத் தேடிக் குழம்பும். இரண்டும் சேர்ந்த ஊர்களில்தான் பலன் நிலைத்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையிலேயே திருக்கோவிலூர் பெயரோடு அச்சாயிற்று. ஆழ்வார்களுக்குப் பிறகு அந்த ஊரைப் பாடியவர்கள் இவர்கள்தான்.

மாத்திரைப் படலம்தான் கஷ்டம். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாதவர் கையில் மாத்திரையைக் கொடுத்தால் அது சாமி படத்துக்குப் பின்னால்தான் போகும். அதனால் கண்முன்னே விழுங்கவைக்க வேண்டும் என்று உத்தரவு.

"ஆயா, சாப்பிட்டாச்சா? இந்தா, முழுங்கு."

"எனக்கு என்னாடி நோவு? காலைப் பாரு, குச்சி மாதிரி இருக்குது."

"அப்படியே இருக்கணும்னுதான் ஆயா."

"வச்சுட்டுப் போ, ராத்திரிக்கு முழுங்கறேன்."

"நீ முழுங்கற வரைக்கும் நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

"உக்காரு. அப்படியே அந்த வெங்காயத்தை உரி."