மாப்பிள்ளை, கவுத்துப் பாருங்க

வாங்க மாப்பிள்ளை. கொதிக்கக் கொதிக்க ரசத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்துன அந்தக் கையைக் காட்டுங்க, கண்ணுல ஒத்திக்கிறேன். பாட்டில் ஏன் சூம்பிப் போச்சுன்னு கேட்டீங்களாமே? அது பெட் பாட்டிலுங்க. எழுபது, எம்பது டிகிரியிலயே தொவண்டுரும். நல்லவேளை, கொதிக்கிற எண்ணெய் கைக்கு அகப்படல.

படிச்ச புள்ள, அடியைக் கவுத்துப் பாத்திருக்கலாம். முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும், 1988-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச வழக்கம். அதுக்காக 7-ஐப் பாத்துட்டு ஒசத்தின்னு தூக்கிட்டு வந்துராதீங்க, அது பரீட்சை மார்க் இல்ல. 1 முதல் 6 வரைக்கும் ஆளாளுக்குப் பேரு உண்டு. எதுலயும் சேராததையெல்லாம் 7-ல தள்ளிட்டாங்க. சுடுசோத்துக்கு வேணும்னா 5, பாலிபுரொப்பிலீன். நூத்தறுபது டிகிரி பக்கம் போனாத்தான் உருகும். மூடியோட சேந்த கீலை எத்தனை தடவை மடக்குனாலும் லேசுல விடாது. அதுக்காக அடுப்பு மேல வச்சுராதீங்க. மத்தவங்களுக்குன்னா இதைச் சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஓட்டைக் குடத்துக்குப் பைப் பசை தடவிட்டு, காயட்டும்னு காவலுக்கு உக்காந்திருந்தீங்களே, நானும் திண்ணையில இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். பிவிசி பைப்புன்னா அந்தப் பசை மேல்தோலைக் கரைச்சு ரெண்டையும் ஒண்ணாக்கும். உங்க குடம் 2, எச்.டி.பி.இ. அதைக் கரைக்க அந்தப் பசைக்குத் தெம்பு கிடையாது. தெருவுல குடம் ஒட்ட வர்றவரு பசையா வச்சிருக்காரு? சூடு போட்டு உருக்கில்ல ஒட்டுறாரு!

நம்பர் அழிஞ்சு போச்சுன்னா ஒரு துண்டை வெட்டித் தண்ணியில போடுங்க. 2, 4, 5 மெதக்கும். பெட்டும் பிவிசியும் முங்கிரும். தெர்மாகோலை மட்டும் இதுல சேக்காதீங்க. 6-ஆம் நம்பர் பாலிஸ்டைரீனை ஊதிப் பெருக்குனது அது, நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல வெறுங்காத்து. 2017-ல வைகை அணைத் தண்ணி ஆவியாகாம இருக்க அந்த அட்டையை மெதக்க விட்டாங்கள்ல? நல்லாத்தான் மெதந்துச்சு. காத்து வந்து, தன் சொந்தத்தைக் கையோட கரைக்குக் கூட்டிட்டுப் போயிருச்சு.

எரிச்சுப் பாத்தும் கண்டுபிடிக்கலாம்னு யாராச்சும் சொன்னா, தலையை ஆட்டிட்டு வந்துருங்க. பிவிசி எரிஞ்சா ஆசிட் வாயு கிளம்பும், தொண்டையை அரிச்சுரும்.

அது கெடக்கட்டும். சீருக்குக் குடுத்த எவர்சில்வர் தூக்குவாளி எங்க மாப்பிள்ளை? கொல்லையில புதுசா ஒரு செவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டு நிக்குதே, அதுக்கா மாத்துனீங்க?