கூடை இறங்கினால் வலி இறங்குமா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா முப்பது வருசமாகக் கொழுந்து எடுக்கிறார். தீராத இடுப்பு வலி. லண்டன் மாமா, "ஒஸ்டியோபதி செய்யுங்கள்" என்கிறார். அது நம்ம ஊர்ச் சுளுக்கு வழிப்பது போலவா?

பதில்: தூரத்துச் சொந்தம்! 1874இல் அமெரிக்க வைத்தியர் அண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கியது. தசையை நீவி, மூட்டை அசைத்து, சிலசமயம் 'டக்' என்று சத்தமும் வரவைப்பார்கள். (எலும்பு பழைய இடத்துக்குத் திரும்பிய சத்தம் என்று நம்பிவிடாதீர்கள், மூட்டு நீரில் நடக்கும் வாயு விளையாட்டு.) பெரும்பாலான நோய்களுக்கு எலும்புக்கூட்டிலேயே காரணம் தேடினார் ஸ்டில். அதை விட்டுவிடுவோம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு மட்டும், உலக சுகாதார நிறுவனத்தின் 2023 டிசம்பர் வழிகாட்டியில் உடற்பயிற்சியோடு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சைக்கும் மசாஜுக்கும் இடமுண்டு. இடுப்புப் பட்டிக்கு இல்லை. மாமா பார்சல் கட்டுமுன் சொல்லிவிடுங்கள்.

சிக்கல் வேறு. அரைப்பேர் (கொழுந்து குறைந்தால் அரைநாள் சம்பளம்) விழக்கூடாதென்று சரிவில் கால் ஊன்றி, தலையில் கயிறு மாட்டி, முதுகில் கூடை. திங்கட்கிழமை நீவிவிட்ட இடுப்பில் செவ்வாய்க்கிழமை அதே கூடை ஏறும். அது எந்த ஒஸ்டியோபதிக்கும் அடங்காது. கொழுந்தை அடிக்கடி நிறுத்துக் கொட்டிக் கூடையை லேசாக வைக்க முடியுமா என்று பாருங்கள். முதலில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே.

மாமா அடுத்த முறை வந்தால் ஒருநாள் கூடை மாட்டிவிடுங்கள். ஒஸ்டியோபதி விலாசத்தை அவரே அவசரமாகத் தேடுவார்.