மாத்திரையும் மழலையும்

கேள்வி: குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக வேலை பார்க்கிறேன். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நிர்வாகியிடம் சொல்லியே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, சகோதரி. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை யாரும் இப்படிக் குடைவதில்லையே! 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

ஆனால் மருத்துவரிடம், ‘இது தூக்கம் தருமா?’ என்று கட்டாயம் கேளுங்கள். எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை பலருக்கு வேலையைக் கெடுப்பதில்லை. பதற்றத்துக்குத் தரப்படும் குளோனசெபாமோ கண்ணைச் சொருக வைக்கும். தவழும் குழந்தை பொத்தானை விழுங்க, நாம் விடும் ஒரு கொட்டாவி நேரம் போதும். எனவே மருந்தோ அளவோ மாறும் வாரங்களில், ‘தூக்கம் வரும் மருந்து எடுக்கிறேன், குழந்தைகளை நான் தனியாகப் பார்த்துக்கொள்ள விடாதீர்கள்’ என்று நிர்வாகியிடம் சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

கைப்பையில் மாத்திரை அட்டை வேண்டாம். ஜிப் திறக்கும் வித்தையைக் குழந்தைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

வேலை போய்விடுமோ என்று பயந்து மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். மனசு தத்தளித்தால் 14416க்கு அழையுங்கள். அது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண்; தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.