கரண்ட் வைத்தும் கரையாதது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு வாயில் புற்று. 'கரண்ட்' வைக்கிறார்கள். அதே மெஷினில் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கட்டி கரைந்துவிட்டது, அப்பாவுக்கு அசையவில்லை. மெஷினில் கோளாறா?

பதில்: மெஷின் பாவம், அதன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. நீங்கள் 'கரண்ட்' என்பது கதிர் சிகிச்சை. கதிர் கட்டியைச் சுட்டுப் பொசுக்குவதில்லை. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. 1 கிரே அளவு கதிர் பட்டால் ஒரு செல்லில் சுமார் 40 இடங்களில் இரண்டு இழையும் சேர்ந்தே அறும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு 2 கிரே வைப்பார்கள். அறுந்ததும் ஏடிஎம் என்ற புரதம் ஊரைக் கூட்டும்: 'பிரிவதை நிறுத்து, தையலைத் தொடங்கு, தைக்க முடியாவிட்டால் செத்துப்போ.' இந்தக் கடைசிக் கட்டளையைக் கொண்டுபோகும் முக்கியத் தூதன் பி53. புகையிலையால் வரும் வாய்ப்புற்றில் பெரும்பாலும் அந்தத் தூதனே பழுதாகிக் கிடப்பான். 'தை' என்பது காதில் விழுகிறது, 'சாவு' என்பது விழுவதில்லை. எந்தத் தூதன் பழுது, எவன் நலம் என்பது கட்டிக்குக் கட்டி மாறும். பக்கத்துக் கட்டிலோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் ஏடிஎம்மின் வாயை அடைத்துவிட்டால்?

பதில்: நல்ல செல்லும் அதே ஊசி நூலால்தான் தைத்துக்கொள்கிறது. பிறவியிலேயே ஏடிஎம் வேலை செய்யாத குழந்தைகள் உண்டு. மற்றவர்கள் தாங்கும் கதிர் அளவே அவர்களுக்கு ஆபத்து. கட்டியில் மட்டும் வாயை அடைக்கும் மருந்தைத் தேடுகிறார்கள். அதுதான் கடினம்.

கேள்வி: 'இஜிஎஃப்ஆர் ஊசி' போட்டால் கரண்ட் நன்றாக வேலை செய்யும் என்கிறார்களே?

பதில்: இஜிஎஃப்ஆர் என்பது செல்லின் மேல் நிற்கும் ஆன்டெனா. 'வளர், பெருகு' என்ற செய்தியை வாங்கி உள்ளே அனுப்பும். கொல்லப் போன கதிரே இந்த ஆன்டெனாவைத் தட்டி எழுப்பிவிடுகிறது. எழுந்தது செல்லின் கருவுக்குள் போய்த் தையலுக்கும் துணை நிற்கிறது. அதனால்தான் செடுக்ஸிமாப் என்ற ஊசியால் அதை மூடிப் பார்த்தார்கள். 2006-ல் வெளியான ஆய்வில், தலை, கழுத்துப் புற்றுக்குக் கதிர் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 29 மாதம். ஊசியும் சேர்ந்தவர்களுக்கு 49 மாதம். எனக்கே உடம்பு சிலிர்த்த எண்கள் இவை.

ஆனால் சிஸ்பிளாட்டின் கீமோவும் கதிரும் பெறுவோருக்கு அதே ஊசியைக் கூடுதலாகப் போட்டபோது பலன் கூடவில்லை. எச்.பி.வி. வைரஸால் வரும் தொண்டைப் புற்றில் சிஸ்பிளாட்டினை நிறுத்திவிட்டு இதைப் போட்டபோது பலன் குறைந்தேபோனது. ஒரு தெருவை அடைத்தால் செய்தி சந்து வழியாகப் போகிறது. பிஐ3கே–ஏகேடி அப்படியொரு சந்து. மும்பை டாடா மெமோரியலில் 536 பேருக்கு நிமோடுஸுமாப் என்ற இன்னோர் ஊசியைச் சிஸ்பிளாட்டினோடு சேர்த்துப் பார்த்தார்கள். நோய் தலைதூக்குவது தள்ளிப்போனது, ஆயுள் கூடியதாக உறுதிப்படவில்லை. வீட்டை விற்று ஊசி வாங்குமுன், 'எங்கள் அப்பாவுக்கு இது எவ்வளவு உதவும்?' என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

கேள்வி: அப்பா ஒரே ஒரு பீடி கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அறுந்த இழையை அறுந்தபடியே வைப்பது ஆக்சிஜன். அது இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். பீடிப் புகையின் கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இருக்கையைப் பிடித்துக்கொள்கிறது. மூச்சுத் திணறும் செல்லில் எச்ஐஎஃப்-1 என்ற புரதம் விழித்து, புது ரத்தக் குழாய்களை வரவழைத்துக் கட்டியைக் காப்பாற்றப் பார்க்கும். சிகிச்சையின்போது புகைத்தவர்களுக்குப் பலன் குறைந்ததை 1993-லேயே கனடாவில் காட்டிவிட்டார்கள். அப்பா கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும்.

கேள்வி: பொங்கலுக்கு ஊருக்குப் போக நான்கு நாள் லீவு கேட்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நாலு வாரம் போல ஆனதும் தப்பிய செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அதற்கும் அந்த ஆன்டெனா துணை. தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை ஒரு நாள் நீண்டால், கட்டியை அடக்கும் வாய்ப்பு 1 சதவீதமோ சற்று அதிகமோ குறைகிறது. மெஷின் பழுதாகி நாள் தவறினால், ஒரே நாளில் இருவேளை வைத்து ஈடுகட்ட முடியுமா என்று கேளுங்கள். நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் விடுவார்கள். நல்ல செல்கள் தையலை முடிக்க அவ்வளவு நேரம் வேண்டும். பொங்கலுக்கு ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே ஒரு அறை எடுங்கள். இந்த வருஷம் பால் அங்கேயே பொங்கட்டும்.