சில்லறை போடுங்கள், தபால்தலை வரும்!

கே: காசு போட்டால் தபால்தலை தரும் எந்திரத்தை முதலில் வைத்த புண்ணியவான் யார்?

ப: உரிமை கோருபவர்கள் பலர். நியூசிலாந்து அஞ்சல் ஊழியர் ராபர்ட் டிக்கி செய்தது 1905ல் வெலிங்டன் அஞ்சலகத்தில் சோதனைக்கு வந்தது. ஒரு பென்னிக்கு ஒரு தலை. தாளிலிருந்து கிழித்துக் கொடுக்க எந்திரத்துக்குக் கை ஏது? அதனால் தலைகளை நீளமாக ஒட்டிச் சுருட்டி உள்ளே வைத்தார்கள்.

கே: என்னிடம் உள்ள பழைய அமெரிக்கத் தலையில் இரண்டு பக்கம்தான் பல் இருக்கிறது. அச்சுப்பிழையா? நான் லட்சாதிபதியா?

ப: வேலையை விட்டுவிடாதீர்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் வழவழவென்று இருந்தால் அது பெரும்பாலும் 'காயில்', அதாவது சுருள் தலை. 1908 முதல் அமெரிக்க அரசே இவற்றை வெளியிட்டது. பெரும்பாலானவை மலிவு. சில மட்டும் அபூர்வம்: நியூயார்க் மாநிலத்து ஆரஞ்ச்பர்க் ஊரில், 1911ல் ஒரு மருந்து கம்பெனி மாதிரி மருந்து அனுப்பப் பயன்படுத்திய 3 சென்ட் தலை அப்படிப்பட்டது. அபூர்வம் என்றதும் கத்தரிக்கோல் ஆசாமிகள் கிளம்பிவிட்டார்கள்! சாதாரணத் தலையின் பல்லை வெட்டி, சுருள் தலை என்று விற்பார்கள். வெட்டியதில் அகலம் குறையும், அளந்து பாருங்கள். ஒற்றைத் தலையை நம்பாமல், பிரியாத ஜோடியாக வாங்குவது இன்னும் நல்லது.

கே: பிரிட்டிஷ் சுருள் தலையில் நாலு பக்கமும் பல் இருக்கிறதே?

ப: ஆமாம், அங்கே வழக்கம் அதுதான். தனித்தலையைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். சிலவற்றில் நீர்க்குறி பக்கவாட்டில் படுத்திருக்கும், அதுதான் துப்பு.

கே: என் நண்பர் 'ஏடிஎம் சேகரிக்கிறேன்' என்கிறார். பயமாக இருக்கிறது.

ப: போலீசுக்குப் போகாதீர்கள். எந்திரத்துத் தபால்தலைக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் 'ஆட்டோமாட்டன்மார்க்கன்'. அதன் சுருக்கம்தான் இந்த ஏடிஎம். கேட்ட தொகையை எந்திரமே அச்சடித்துக் கொடுக்கும். ஜெர்மனிக்கு 1981ல் வந்தது. 1984ல் பிரிட்டன் வாங்கியபோது, எந்திரம் செய்த சுவிஸ் கம்பெனியின் பெயரால் 'ஃப்ராமா' என்றார்கள். பிரான்சில் 'லீசா'. அமெரிக்கர்கள் 'கம்ப்யூட்டர் வெண்டட் போஸ்டேஜ்' என்று மூச்சுவாங்கச் சொல்வார்கள். என் ஓட்டு ஃப்ராமாவுக்கு. நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்னும் நமக்கு வேறென்ன ஒத்துவரும்?

கே: ஜெர்மன் எந்திரம் மீதிச் சில்லறை தருமா?

ப: தரும், தபால்தலையாக! அதனால் சரியான சில்லறையோடு போங்கள். இல்லாவிட்டால் மிஞ்சிய தலையை ஒட்ட, கடிதம் எழுத ஆள் தேட வேண்டியிருக்கும்.