எந்த இலாகாவுல சேரட்டும் தாத்தா?

ஏட்டி, இங்க வந்து உக்காரு. ஒரு லீவு பூரா உக்காந்து ஹாரி பாட்டர் புஸ்தகம் ஏழையும் எனக்கு வாசிச்சுக் காட்டிட்ட. கண்ணு மங்குன கெழவனுக்குச் செஞ்ச புண்ணியம், நல்லா இருப்ப. ஆனா கடைசியில ஒரு கேள்வி கேட்டியே, அது ராத்திரி பூரா தூங்க விடல. “தாத்தா, அந்த மந்திரவாதிங்க கவர்மென்டுல எனக்கு வேல கெடச்சா எந்த இலாகாவுல சேரட்டும்?”

பரீட்ச எழுதல, மார்க்கு வரல, ஆர்டரு வரல, இலாகா மட்டும் இப்பமே வேணும். பரவால்ல. ஒங்கப்பனும் பொண்ணு பாக்கப் போறதுக்கு முந்தியே மாமனாருக்கு எத்தன ஏக்கருன்னு விசாரிச்சவந்தான்.

எனக்கு மந்திரம் தெரியாது. ஆனா தலையாரியா இருந்து, கச்சேரி கச்சேரியா கணக்குப் புஸ்தகம் சொமந்தவன். ஆபீஸுன்னா என்னன்னு தெரியும். அது போதும், கேளு.

மொதல்ல வாசல். லண்டன் தெருவுல கண்ணாடி ஒடஞ்சு நிக்கிற ஒரு செவப்பு டெலிபோன் கூண்டு. உள்ள போயி 62442ன்னு சுத்தணும். அந்த நம்பர எழுத்தாக் கூட்டுனா அவங்க பாஷையில ‘மேஜிக்’னு வரும். பேரையும் வந்த காரியத்தையும் சொன்னா, சில்லற திரும்பி விழுற ஓட்ட வழியா ஒரு வில்ல வரும். 1995ல பதினஞ்சு வயசுப் பய ஹாரி போனப்ப அதுல என்ன எழுதியிருந்துச்சு? அவம் பேரு, அதுக்குக் கீழ ‘ஒழுங்கு நடவடிக்கை விசாரணை’. குத்தம் செஞ்சானா இல்லையான்னு இன்னும் ஒருத்தரும் கேக்கல, அதுக்குள்ள நெஞ்சுல போர்டு குத்தியாச்சு. உள்ள போனா அவன் மந்திரக்கோல வாங்கித் தராசுல வச்சு, பதினோரு அங்குலம், ஃபீனிக்ஸ் எறகு, நாலு வருசமாப் பொழக்கத்துல இருக்குன்னு சீட்டுக் கிழிச்சுக் குடுக்கான். மந்திரக்கோலுக்கே சீட்டா! அப்பமே எனக்கு அந்த ஆபீஸ் மேல ஒரு பாசம் வந்துட்டு.

அந்த மண்டபத்துல ஒரு தங்கச் செல நீரூத்து இருந்துச்சுல்லா? நடுவுல ஒரு மந்திரவாதி, பக்கத்துல ஒரு மந்திரவாதிப் பொம்பள. சுத்தி ஒரு குதிர மனுசன், ஒரு கோப்ளின், வீட்டு வேல செய்யுற ஒரு எல்ஃப். மூணு பேரும் அந்த ரெண்டு பேரையும் சாமியப் பாக்குற மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்காங்க. செலைக்குக் காசு குடுத்தவன் யாருன்னு நான் சொல்லணுமாக்கும்! ஆனா அந்தத் தண்ணிக்குள்ள விழுற காசு ஆஸ்பத்திரிக்குப் போகுமாம். அந்த மட்டுக்கும் சரி.

இப்ப இலாகாவுக்கு வருவோம். 1707ல ஆரம்பிச்ச கவர்மென்டு. பத்துத் தளம், அம்புட்டும் மண்ணுக்குள்ள. ஒண்ணாம் நம்பர் மேல, பத்தாம் நம்பர் அடியில. மந்திரி ஒண்ணுல, செல இருக்கிற மண்டபம் எட்டுல.

ஏழாவது தளம் வெளையாட்டு. தலைவன் லூடோ பேக்மன், பழைய ஆட்டக்காரன். பெர்த்தா ஜோர்க்கின்ஸ்னு அவன் இலாகாப் பொம்பள ஒருத்தி லீவுல போனவ மாசக்கணக்காத் திரும்பி வரல. தேடச் சொன்னா, “வந்துருவா, வழி மறந்திருப்பா”ங்கான். அவ செத்தே போனா. இவன் உலகக் கோப்பையில பந்தயம் கட்டித் தோத்து, பொழுது விடிஞ்சா மறஞ்சு போற தங்கத்தக் குடுத்துச் சின்னப் பயலுவள ஏமாத்திக்கிட்டுத் திரிஞ்சான். அந்தத் தளம் நமக்கு வேண்டாம்.

ஆறு, போக்குவரத்து. வெளக்குமாத்துல பறக்கவன், அடுப்புக்குள்ள பொடியத் தூவிப் போறவன், நின்ன எடத்துல மறஞ்சு இன்னொரு எடத்துல மொளைக்கவன், அம்புட்டுப் பேரும் இவங்க கையில. மறஞ்சு போறதுக்கு லைசென்ஸ் பரீட்ச உண்டு. ஹாரியோட சேக்காளி ரான் பய அரப் புருவத்தப் பழைய எடத்துலயே விட்டுட்டு வந்தான்னு பெயிலாக்கிட்டாங்க. நம்ம ஊரு ஆர்டிஓ ஆபீஸுல எட்டுப் போடும்போது காலு தரையில பட்டா பெயிலுங்கிற மாதிரி. நீ சைக்கிள்லயே காலு ஊனி ஊனித்தான ஓட்டுவ? அந்தப் பக்கம் போயிராத.

அஞ்சு, வெளிநாட்டு விவகாரம். அங்க ரானோட அண்ணன் பெர்சி புதுசாச் சேந்தான். சேந்த ஒடனே என்ன வேல? வெளிநாட்டுல இருந்து வார அண்டாவுக்கு அடித்தட்டு கனம் கொறஞ்சு போச்சுன்னு அறிக்க எழுதுறது. வீட்டுல ஒருத்தன் சத்தம் போடக் கூடாது, தொர அறிக்க எழுதுதாரு. அவனோட அதிகாரி பார்ட்டி க்ரவுச்சுக்கு எரநூறு பாஷைக்கு மேல தெரியுமாம். பூதத்தோடயும் பேசுவாராம். தெனம் முன்னால கை கட்டி நிக்கிற பய பேரு வீஸ்லின்னு மட்டும் தெரியாது. ‘வெதர்பி’ன்னு கூப்புடுதாரு. பயலும் அதுக்கே பூரிச்சுப் போயி நிக்கான்.

நாலாவது தளத்துக்கு வா. இங்க கொஞ்சம் நேரம் நிக்கணும். இது பிராணிகள அடக்கி ஆளுற இலாகா. யாரு நம்மள மாதிரிப் பிறவி, யாரு மிருகம்னு பிரிக்கிறதுதான் இவங்க வேல. இந்தப் பிரிவினைக்கு ஒரு பழைய கத இருக்கு, அந்த ஏழோட சேந்த பிராணிகள் புஸ்தகத்துல. பதினாலாம் நூத்தாண்டுல பர்டாக் முல்டூன்னு ஒரு தலைவன், ரெண்டு காலுல நடக்கது எல்லாம் பிறவின்னு சொல்லிக் கூட்டம் கூட்டுனான். கோப்ளின்காரங்க ஊர்ல ரெண்டு காலுல நடக்க கோழி, குருவி, பூதம் அம்புட்டையும் ஓட்டிக்கிட்டு வந்து எறக்கிட்டாங்க. கூட்டம் சந்தக்கட ஆயிட்டு. அடுத்து எல்ஃப்ரிடா க்ளாக்னு ஒரு அம்மா, மனுச பாஷ பேசுனாத்தான் பிறவின்னா. கோப்ளின் சும்மா இருப்பானா? மொரட்டுப் பூதத்துக்கு நாலு வார்த்த சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கிட்டு வந்துட்டான்.

கடைசியில 1811ல க்ரோகன் ஸ்டம்ப்னு ஒரு மந்திரி ஒரு முடிவுக்கு வந்தாரு. சட்டத்தப் புரிஞ்சுக்கிட்டு, அதப் போடுறதுலயும் பங்கெடுக்க அறிவு இருந்தா அது பிறவி. நல்ல பேச்சுத்தான். ஆனா குதிர மனுசன் என்ன சொல்லிட்டான் தெரியுமா? “ரத்தம் குடிக்கிறவனையும் சூனியக் கெழவியையும் சேத்த பட்டியல்ல எங்களச் சேக்காத, நாங்க மிருகமாவே இருந்துக்கிடுதோம்”னுட்டான். ஆவிங்க ஒரு படி மேல. “நீங்க எல்லாம் இருக்கிறவங்க, நாங்க இருந்தவங்கல்லா! எங்கள எப்படி இருக்கிறவங்க கணக்குல எழுதலாம்?”னு சண்டைக்கு வந்துட்டுக. அதுகளுக்குன்னு தனிப் பிரிவு தொறந்தாங்க. செத்த பெறகும் ஆபீஸு விடல பாத்தியா.

இதுல பாவம் ஓநாய் மனுசன். அவனுக்கு ஒதவி செய்யுற ஆபீஸ் பிறவிப் பிரிவுல. அவனப் பதியுற ரிஜிஸ்தரும் பிடிக்கிற படையும் மிருகப் பிரிவுல. ஒதவி கேட்டுப் போனா மனுசன், ரிஜிஸ்தர்ல மிருகம். குதிர மனுசங்களுக்குன்னும் ஒரு தொடர்பு ஆபீஸ் தொறந்து வச்சாங்க. ஒரு குதிர மனுசன் கூட இது வரைக்கும் அந்தப் படி மிதிக்கல. அதனால அந்த இலாகாவுல ஒருத்தன ‘அந்த ஆபீஸுக்கு மாத்திட்டாங்க’ன்னு சொன்னா, ‘சீட்டுக் கிழியப் போகுது’ன்னு அர்த்தமாம். நான் சிரிச்ச சிரிப்புல ஒங்க ஆச்சி எனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு அடுப்படியில இருந்து ஓடி வந்தாள்ல, அது இந்த எடத்துலதான்.

மூணாவது தளம் விபத்து இலாகா. மந்திரம் தப்பாப் போனா சரி பண்ணுறவன், பாத்தவன் ஞாபகத்த அழிக்கிறவன், அப்பறம் ஊருக்கு என்ன பொய் சொல்லலாம்னு யோசிக்க ஒரு கமிட்டி. ஆமா, பொய்க்குன்னே கமிட்டி. சங்கடப்படாம போர்டு போட்டு ஒக்காந்திருக்காங்க. நடுத்தெருவுல மந்திரத்தால பன்னெண்டு பேரக் கொன்னு போட்டான் ஒருத்தன். ‘கேஸு வெடிச்சிருச்சு’ன்னு முடிச்சுட்டாங்க. செய்யாதவனப் பிடிச்சு விசாரண இல்லாம பன்னெண்டு வருசம் உள்ள வச்சாங்க. அன்னைக்கு மொதல்ல அந்த எடத்துக்குப் போன அதிகாரிங்கள்ல ஒருத்தன் இதே இலாகா கார்னீலியஸ் ஃபட்ஜ். பின்னால யாரு மந்திரி ஆனது? அதே ஃபட்ஜ். மூணாவது தளத்துல கத்துக்கிட்டது ஒண்ணாவது தளத்துல ஒதவுச்சு. கொலகார மந்திரவாதி வோல்டமார்ட் திரும்பி வந்துட்டான்னு சொன்னா, வரவே இல்லன்னு ஒரு வருசம் சாதிச்சானே!

ரெண்டாவது தளம் சட்டம், போலீசு. அங்க ஒரு மூலையில வெளக்குமாறு போடுற அறைய விடச் சின்னதா ஒரு ரூமு. ஜன்னல் கெடையாது. ரானோட அப்பா ஆர்தர் வீஸ்லியும் இன்னொரு கெழவரும், மொத்தமே ரெண்டு பேரு. மந்திரம் தெரியாதவங்க பொருள்ல மந்திரம் வைக்கக் கூடாதுங்கிற சட்டம் இவரு எழுதுனது. எழுதும்போதே ஒரு சந்து விட்டு எழுதிட்டு, பறக்குற காரு ஒண்ணு வீட்டுல செஞ்சு வச்சுக்கிட்டாரு. தேனெடுக்கவன் பொறங்கைய நக்காம இருப்பானா? அவங்க காசுல அம்பது காலியன் அபராதம் கட்டுனாரு. இருந்தாலும் அந்த மனுசன எனக்குப் பிடிக்கும். ஏன்னு பின்னால சொல்லுதேன்.

இம்புட்டும் சொல்லிட்டு நான் எதத் தேர்ந்தெடுப்பேன்னு கேளு. பராமரிப்பு! மண்ணுக்குள்ள இருக்கிற ஆபீஸுக்கு ஏது வெயிலு மழ? ஜன்னல் எல்லாம் மந்திர ஜன்னல். இன்னைக்கு வெளிய வெயிலா மேகமான்னு முடிவு பண்ணுறது பராமரிப்புக்காரங்க. சம்பளம் கூட்டிக் கேட்டப்ப ரெண்டு மாசம் தொடர்ச்சியாப் புயல விட்டாங்கல்லா! மந்திரி இன்னைக்கு வருவான் நாளைக்குப் போவான், மழைய வச்சிருக்கவந்தான் நெசமான அதிகாரின்னு நான் தொடையத் தட்டுனேன்.

அப்பறம் ஏழாவது புஸ்தகத்த எடுத்த நீ. 1997. வோல்டமார்ட் உள்ள வந்துட்டான். நான் என்ன நெனச்சேன்? ஆபீஸ இடிச்சுத் தரமட்டம் ஆக்குவான்னு. ஒரு செங்கலத் தொடல ஏட்டி. லிஃப்டு ஓடுது, ஊதாக் காகிதம் பறந்து பறந்து தபால் கொண்டு போகுது, வேலக்காரங்க கக்கூசுத் தொட்டியில நின்னு சங்கிலிய இழுத்து நேரத்துக்கு ஆபீஸு வாராங்க. செலைய மட்டும் மாத்துனான். இப்ப அந்த ரெண்டு பேரும் சிம்மாசனத்துல, சிம்மாசனமே நசுங்கிக் கெடக்குற மனுச ஒடம்பு. இன்னொண்ணு, புதுசா ஒரு ஆணையம். அப்பன் ஆத்தா மந்திரவாதியா இல்லாதவங்களப் பதியுறதுக்கு. யாரு பிறவி யாரு மிருகம்னு நாலாவது தளத்துல பழகுன கை, ஆளு பேரு எழுத எம்புட்டு நேரம் ஆகும்?

நான் தொடையத் தட்டுன பராமரிப்பு இலாகா என்னாச்சு? கேட்டர்மோல்னு ஒருத்தன். அதிகாரி ரூமுக்குள்ள மழ பெய்யுது, ஒரு மணி நேரத்துல நிறுத்துங்கான். நிறுத்தலன்னா கீழ விசாரணையில நிக்கிற ஒம் பொண்டாட்டி பாடு அதோ கதின்னு மெரட்டுதான். மழையக் கையில வச்சிருந்தவன் நெலம அது. அன்னைக்கு எம் புத்திசாலித்தனம் என்னையப் பாத்துச் சிரிச்சுச்சு.

அன்னைக்கே அந்த லிஃப்டுல ஆர்தர் வீஸ்லி இருந்தாருல்லா? பின்னாலயே வேவு பாக்காங்க, வீட்டுல ஏழு பிள்ள. தனக்கு எதுத்தாப்புல நிக்கிறவன் ஒருத்தனக் காட்டிக் குடுத்தவன்னு நெனச்சு, மூஞ்சிக்கு நேரா ரெண்டு வார்த்த கேட்டாரு. அதுக்குத்தான் அவர எனக்குப் பிடிக்கும். காருக்குச் சட்டத்துல சந்து விட்டவருதான். மனுசருக்குன்னு வந்தப்ப அந்தச் சந்துக்குள்ள அவரு ஒளியல.

அதனால தாயி, எந்த இலாகான்னு என்னையக் கேக்காத. அண்டா கனம் அளக்கச் சொன்னா அளந்து குடு. பொய்க் கமிட்டியில போட்டா வயித்து வலின்னு லீவு போடு. ஆளுங்க பேர எழுதச் சொல்லி ஒரு ரிஜிஸ்தரக் கையில குடுத்தான்னா, எதுக்குன்னு கேளு. சரியான பதில் வரலன்னா பேனாவ வச்சுட்டு வீட்டுக்கு வந்துரு, ஆச்சி சோறு போடுவா.

ஒண்ணு மட்டும் ஞாபகத்துல வச்சுக்கோ. அந்த ஆபீஸுல லிஃப்டு ஒம்பதாவது தளம் வரைக்குந்தான் போகும். விசாரணக் கூடம் இருக்கிறது பத்துல. பறக்கத் தெரிஞ்சவனும் மறையத் தெரிஞ்சவனும் அங்க மட்டும் படியில காலு வச்சு நடந்துதான் எறங்கணும்.